உலுரு அன்று, உலுழு

ஆஸ்திரேலியக் கண்டம் என்றதும் பலர் மனத்தில் எழும் காட்சிகளுள் ஒன்று, நடுப்பாலையில் தனித்து நிற்கும் செந்நிறப் பாறை. தரைமட்டத்திலிருந்து 348 மீட்டர் உயரமும், ஏறத்தாழ 9.4 கிலோமீட்டர் சுற்றளவும் கொண்ட அந்த மணற்கல் குன்றைத் தமிழில் 'உலுரு' என்று எழுதுவது வழக்கம். இவ்வழக்கில் ஒரு பிழை இருக்கிறது. ஓர் எழுத்தின் பிழைதான். ஆனால் உலகின் ஊர்களும் மலைகளும் எந்த வாயில் வழியாகத் தமிழுக்குள் வருகின்றன என்பதைக் காட்டிக்கொடுக்கும் பிழை.

அப்பாறை தன் பெயரை ஒருமுறை இழந்து மீட்ட வரலாறு உடையது. 1873-இல் அதைக் கண்ட நில அளவையாளர் வில்லியம் காஸ், தென் ஆஸ்திரேலிய அரசியல்வாதி ஹென்றி அயர்ஸின் பெயரை அதற்கு இட்டார். அதற்கு முந்திய ஆண்டு, மேற்கே தென்படும் குன்றுக்கூட்டத்தின் உயர்ந்த முகட்டுக்கு எர்னஸ்ட் கைல்ஸ் இட்ட பெயர், ஐரோப்பாவின் வூர்ட்டம்பெர்க் நாட்டு அரசி ஓல்காவினுடையது. அக்குன்றுகளை அந்நிலத்து மக்கள் 'பல தலைகள்' என்று பொருள்படும் 'கட்டா ஜுட்டா' என்ற பெயரால் அழைத்து வந்தனர். பார்த்தவுடன் விளங்கும் பெயர் அது. அரசியின் பெயருக்கோ அந்நிலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை.

1985 அக்டோபர் 26 அன்று பாறையின் உரிமை அந்நிலத்து மக்களிடம் திருப்பி அளிக்கப்பட்டது. 1993-இல் 'அயர்ஸ் பாறை / உலுரு' என்னும் இரட்டைப் பெயர் ஏற்கப்பட்டது. 2002-இல் வரிசை மாறி, பழங்குடிப் பெயர் முன்னே வந்தது. 2019-இல் பாறைமீது ஏறுவதும் தடைசெய்யப்பட்டது. இவ்வளவு போராடி மீண்ட பெயரைத் தமிழ் எழுதும்போது, ஆங்கிலத்தின் செவியால் கேட்டு எழுதுகிறது.

அப்பெயர் பிட்ஜன்ஜட்ஜாரா மொழிக்கு உரியது. அம்மொழியின் எழுத்துமுறையில், பெயரின் இறுதி மெய்யாகிய ஆங்கில 'ஆர்' எழுத்தின் கீழ் ஒரு கோடு இடப்படுகிறது. அது நாவை மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தைத் தொடாமல் ஒலிப்பதற்கான குறி. அந்த ஒலியைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை, அது ழகரம். ஆங்கில அச்சில் அக்கோடு பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்த வடிவத்தைப் பார்த்துத் தமிழ் 'ரு' என்று எழுதுகிறது. ஆங்கிலத்துக்கு அவ்வொலிக்கெனத் தனி எழுத்து இல்லை, தமிழுக்கு உண்டு. இருந்தும் இல்லாதவரிடம் கடன் வாங்கும் நிலை இது.

எழும்பூர் 'எக்மோர்' ஆனதையும், மொழியின் பெயரிலேயே ழகரம் பிறர் வாயில் லகரமாவதையும் எண்ணி வருந்துவோர் தமிழரிடையே பலர். அவ்வருத்தம் நியாயமானது. அதே நியாயம் பிறர் பெயரில் உள்ள ழகரத்துக்கும் பொருந்த வேண்டும். தன் ழகரத்துக்காக வாதிடும் சமூகம், இன்னொரு மக்களின் ழகரத்தைக் கவனியாமல் கடந்துபோவது முறையன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அந்நிலத்து மக்கள் தம்மைக் குறிக்கும் சொல்லில் வருவதும் நாவளை ஒலியாகிய ணகரமே. தமிழில் 'அணங்கு' என்றுதான் அது எழுதப்பட வேண்டும். அம்மொழியில் அதன் பொருள் 'மனிதர்'. தமிழின் அணங்குக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. இறுதியில் ககர ஒலிகூட அதில் கேட்பதில்லை. மூக்கொலி மட்டுமே உண்டு. ஆயினும் இத்தகைய ஒற்றுமை ஒன்று கிடைத்தால் போதும், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் தமிழரே என்று முழங்கும் பதிவுகள் முளைத்துவிடும். கால்டுவெல் காலந்தொட்டே திராவிட மொழிகளை ஆஸ்திரேலிய மொழிகளோடு ஒப்பிட்டோர் உண்டு. மொழிக்குடும்ப உறவு எதுவும் இன்றுவரை நிறுவப்படவில்லை. ஒலிகள் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. அம்மக்களின் பெயரைச் சரியாக எழுதுவது மரியாதை. அவர்களைத் தமிழராக்குவது, அயர்ஸின் பெயரை அவர்கள் பாறைக்கு இட்ட அதே செயலின் மறுபதிப்பு.

'உலுரு' என்பது பழகிவிட்டது, இணையத்தில் தேடுவோர் அவ்வடிவத்தையே தேடுவர் என்பது ஒரு மறுப்பு. அதற்கு விடை எளிது. சில காலம் இரு வடிவங்களையும் அருகருகே அச்சிடலாம். ஆஸ்திரேலியாவே அவ்வாறுதான் பழகியது. எல்லா மொழிப் பெயர்களையும் மூல ஒலியோடு எழுத இயலுமா என்பது மற்றொரு மறுப்பு. இயலாது. தமிழில் இல்லாத ஒலிகளைத் தோராயமாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் தமிழில் உள்ள ஒலியையும் தோராயமாக எழுதுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நிலப்படம் வரைவோரும், பாடநூல் எழுதுவோரும், பயணக் கட்டுரையாளரும் செய்ய வேண்டியது சிறிது: ஒரு பெயரைத் தமிழில் எழுதுமுன், அந்நிலத்து மக்கள் அதை எவ்வாறு ஒலிக்கின்றனர் என்று கேட்டறிதல். அதன் முதல் அடையாளமாக ஒரு ரகரம் ழகரமாகட்டும்.