ஃப்ளூ ஊசியும் பறவைக் காய்ச்சலும்

ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளும் ஃப்ளூ ஊசி பறவைக் காய்ச்சலையும் தடுத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டும் இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸ்தானே என்பது அதற்குச் சொல்லப்படும் முதல் காரணம். இனம் ஒன்றுதான், ஆனால் ஊசி இனம் பார்த்து வேலை செய்வதில்லை. வைரஸின் மேல் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத்தான் அது உண்டாக்குகிறது. வழக்கமான ஊசி மருந்தில் எச்1, எச்3, பி வகைகளின் புரதம் தலா 15 மைக்ரோகிராம் இருக்கும். பறவைக் காய்ச்சலின் எச்5 அதில் துளியும் கிடையாது.

அடுத்த வாதம் கொஞ்சம் கெட்டியானது. வழக்கமான ஃப்ளூவின் எச்1என்1, பறவைக் காய்ச்சலின் எச்5என்1 இரண்டுக்கும் ‘என்1’ பொதுவாயிற்றே? இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ‘என்’ என்பது நியூராமினிடேஸ் என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம். 2009-க்குப் பிறகு எச்1என்1 காய்ச்சல் கண்ட பலரின் ரத்தத்தில் எச்5என்1-இன் நியூராமினிடேஸையும் ஓரளவு மறிக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறது. எச்1என்1 வந்து தேறிய ஃபெரெட் விலங்குகளுக்கு எச்5என்1-ஐச் செலுத்தியபோது நோயின் கடுமை குறைந்தது. ஆனால் இதெல்லாம் காய்ச்சல் வந்து போனதால் கிடைத்த பலன். ஊசியில் அளந்து சேர்ப்பது ஹீமக்ளூட்டினினை மட்டுமே. நியூராமினிடேஸ் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற வரையறையே இல்லை.

அப்படியானால் அமெரிக்கா ஏன் பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டது என்று கேட்பவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் அங்கே கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. பால் கறக்கும் கூடங்களில் பசுவின் மடி ஆளின் கண்மட்டத்தில் இருக்கும்; நோய் கண்ட தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு முதலில் சிவந்தது கண்தான். நாட்டின் நோய்த் தடுப்பு மையம் பண்ணைத் தொழிலாளர்களுக்கு வழக்கமான ஃப்ளூ ஊசி போட 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. அந்த ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது என்பதையும் மையமே சொன்னது. அதன் கவலை வேறு. இன்ஃப்ளூயன்சாவின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருப்பது. ஒரே ஆளுக்கு வழக்கமான ஃப்ளூ வைரஸும் எச்5என்1-உம் ஒரே சமயத்தில் தொற்றினால் துண்டுகள் இடம் மாறி, மனிதரிடையே எளிதாகப் பரவும் புது வைரஸ் பிறக்கலாம். 1957, 1968 பெருந்தொற்று வைரஸ்கள் இப்படி மனித, பறவை வைரஸ்களின் துண்டுகள் கலந்து வந்தவையே. ஃப்ளூ ஊசி இந்தக் கலப்புக்கான வாய்ப்பைக் குறைக்கிறது. போட்டுக்கொண்டவரை எச்5-இலிருந்து காப்பதில்லை.

எச்5-க்கெனத் தனி ஊசி இருக்கிறது. 2023-இல் நரி, மிங்க் வளர்க்கும் ரோமப் பண்ணைகளில் நோய் புகுந்த ஃபின்லாந்து, மறு ஆண்டே அந்தத் தொழிலாளர்களுக்கு அதைப் போட முன்வந்தது. அது இரண்டு தவணை.