கெடுவுக்கு முந்திய கடமை

இந்தியப் பிரஜைகள் விஸா இன்றியே மலேசியாவில் இறங்கி முப்பது நாள் வரை தங்கலாம் என்ற சலுகை, 2023-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. 2024 டிசம்பர் 31-ந் தேதியுடன் அது முடிவதாக இருந்தது. அந்த டிசம்பர் மாதத்திலேதான், 2026 டிசம்பர் 31-ந் தேதி வரை அது நீடிக்கும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. சலுகை அளித்த சர்க்காருக்கு நன்றி செலுத்த நாம் தயங்கவில்லை. ஆனால் கெடு வாசற்படியில் வந்து நின்ற பிறகே முடிவு தெரிகிற முறை நல்ல முறையன்று. கெடு நீடிக்கப்படாமலே கழிந்துவிட்டால் செய்யவேண்டியது என்ன என்பதை இரு சர்க்கார்களும் முன்கூட்டியே வகுத்து வைப்பது அவசியம்.

இது உல்லாசப் பிரயாணிகளின் சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. பினாங்கிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் ரப்பர்த் தோட்டங்களை உண்டாக்கிய கைகள் தமிழ்க் கைகள். 1938-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் தொழிலாளரை அங்கு அனுப்புவதை நிறுத்திய பின்னும் உறவு அறுந்துவிடவில்லை. தஞ்சையிலும் திருச்சியிலும் உள்ள எத்தனையோ குடும்பங்களுக்கு அத்தையும் மாமனும் அக்கரையில் இருக்கிறார்கள். கலியாணத்திற்கும் சாவுக்கும் போய்வர வேண்டியவர்கள் இவர்கள். சாவுச் செய்தி விஸாவுக்காகக் காத்திராது. பத்துமலைத் தைப்பூசமோ ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. அதற்கு விமான டிக்கெட்டுகளை இரண்டு மூன்று மாதம் முன்னமே வாங்கிவிடுகிறார்கள். டிசம்பர் கடைசியில் கெடு வைத்தால், பணம் கட்டியாகிவிட்ட பக்தர்களின் கதி என்ன?

இத்தகைய நெருக்கடி இதற்கு முன் ஒரு பெரிய தேசத்தில் நேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் 1986-ம் வருஷச் சட்டத்தின் மூலம், சில தேசத்தார் தொண்ணூறு நாள் வரை விஸா இன்றி வந்து போக ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தை ஏற்படுத்தியது. 1988-ல் பிரிட்டனையும் ஜப்பானையும் கொண்டு ஆரம்பித்த அத்திட்டம், 2000-க்குள் இருபத்தொன்பது தேசங்களுக்கு விரிந்தது. பரீட்சை என்ற பெயர் மட்டும் மாறவில்லை. அதன் ஆயுளைக் காங்கிரஸ் அவ்வப்போது சிறிது சிறிதாக நீட்டி வந்தது. 2000 ஏப்ரல் 30-ந் தேதி கெடு தீர்ந்தது. அதை நிரந்தரமாக்கும் மசோதா அம்மாதமே கீழ்ச்சபையில் நிறைவேறியிருந்தும், மேற்சபை அக்டோபர் வரையில் அதை நிறைவேற்றவில்லை. அக்டோபர் 30-ந் தேதிதான் ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்டார்.

இடைப்பட்ட ஆறு மாதத்தில் என்ன செய்தார்கள்? குடியேற்ற இலாகாத் தலைவர் தமக்குள்ள விசேஷ அதிகாரத்தைக் கொண்டு, வந்தவர்களைத் தற்காலிக அநுமதியில் உள்ளே விட்டார்; அந்த ஏற்பாட்டைத் திரும்பத் திரும்ப நீட்டினார். பிரயாணிகள் தவிக்கவில்லை; அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் அந்த அதிகாரம், அவசர மனிதாபிமானக் காரணத்திற்காகவோ முக்கியமான பொது நன்மைக்காகவோ, ஒவ்வொருவர் விஷயத்தையும் தனித்தனியே ஆராய்ந்து உபயோகிப்பதற்கென்று சட்டத்தில் வைக்கப்பட்டது. அதைக் கொண்டு இருபத்தொன்பது தேசத்தாரையும் மொத்தமாக வரவேற்றது, சட்டசபை விட்ட ஓட்டையை உத்தியோகஸ்தர் ஒட்டுப்போட்டதேயாகும். சட்டம் தந்த அநுமதி ஆறு மாத காலம் ஒரு மனிதரின் தயவாக நின்றது. தயவு உள்ளவர் அமர்ந்திருந்தார், இல்லாதவர் அமர்ந்திருந்தால்?

இந்தியா அத்திட்டத்தில் என்றுமே சேர்க்கப்பட்டதில்லை. எனினும் அதன் பாடம் நமக்கும் உரியது. அன்று தவிப்பைத் தவிர்க்கப் பல வல்லரசுகளின் செல்வாக்கு இருந்தது. ஒரு தமிழ்க் கிழவி சென்னையிலோ திருச்சியிலோ விமானக் கம்பெனியின் மேஜைமுன் தடுத்து நிறுத்தப்பட்டால், அவளுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

தன் வாயிலில் யாரை அநுமதிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு சுதந்திர தேசத்திற்கும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. கதவைச் சாத்துவதானால் சொல்லிச் சாத்துங்கள் என்பதே நமது கோரிக்கை. நீடிப்பதா, நிறுத்துவதா என்பதைக் கெடுவுக்கு ஆறு மாதம் முன்னரே வெளியிட வேண்டும். கெடுவுக்கு முந்தி இறங்கியவருக்கு முப்பது நாளும் குறையாமல் கிடைக்க வேண்டும். முடிவு வெளியாகுமுன் டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தவணை தரவேண்டும். இம்மூன்றும் உத்தியோகஸ்தரின் வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும்.

மலேசியாவை மட்டும் கேட்டுப் பயனில்லை. அயலார் தரும் சலுகையை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது புது டில்லிக்கு அழகன்று. இருபுறப் பிரஜைகளுக்கும் சமமாகப் பொருந்தும் ஓர் உடன்படிக்கையை அது பேசி முடிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இதைச் சபையில் கிளப்புவார்களா? கெடு தீர்ந்த மறுநாள் கேட்கும் கேள்விக்குப் பதில் வரலாம், விமானம் போயிருக்கும்.