குப்பியின் வெப்பமும் குடியிருப்பின் வெப்பமும்

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலை ஒட்டித் தமிழர்கள் பல்லாண்டுகளாக வாழ்ந்த மதராசி கேம்ப், உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. இத்தகைய குடியிருப்புகளில் இரத்தம் எடுத்து, வெயிலின் தீங்கைக் குரோமோசோமில் தேட முற்படும் ஆய்வாளர் முதலில் ஐயுற வேண்டியது தம் குப்பியை.

இரத்தத்தில் உலவும் லிம்போசைட்டுகள் பொதுவாகப் பிரிவதில்லை. ராஜ்மா அவரையிலிருந்து பெறப்படும் பைட்டோஹீமக்ளூட்டினின் அவற்றைப் பிரியத் தூண்டும் என்று பீட்டர் நோவெல் 1960இல் காட்டினார். (தில்லிச் சமையலறை ஒவ்வொன்றிலும் உள்ள அதே ராஜ்மாதான்.) அதன்பின் 37 டிகிரியில் ஏறத்தாழ 72 மணிநேரம் வளர்த்து, கோல்சிசின் இட்டுப் பிரிதலை இடைநிறுத்தி, குரோமோசோம்களை எண்ணுவது வழக்கமாயிற்று.

இம்முறையின் உயிர்நாடி அந்த 37 டிகிரி. வளர்ப்புப்பெட்டி சற்றுக் குளிர்ந்தால் பிரிதல் சுணங்கும். 72 மணிநேரத்தில் இரண்டாம் பிரிதலை எட்டவேண்டிய செல்கள் பல முதற்பிரிதலிலேயே நிற்கும். இது சிறு பிழையன்று. இரு சென்ட்ரோமியர் கொண்ட பிறழ்வுகளில் ஏறக்குறைய பாதி ஒரு பிரிதலுக்குள் மறைந்துவிடுவதால், சுணங்கிய வளர்ப்பில் சேதம் மிகுதியாகத் தோன்றும். வெப்பம் மிகுந்தாலோ, கதிர்க்கோல் இழைகள் குலையும். 41 டிகிரியைத் தாண்டினால் டிஎன்ஏ முறிவைச் செப்பனிடும் பிஆர்சிஏ2 புரதமே சிதைவதாக 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

2024 மே 29 அன்று சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய நண்பகலில் வெளியே நிற்பவரின் உடல் வியர்த்து, தோலுக்குக் குருதியைப் பாய்ச்சி, உள்வெப்பத்தை 37ஐ ஒட்டியே காக்கப் போராடும். அவரிடம் எடுத்த இரத்தம் வண்டியில் போகும்போது குப்பி வியர்ப்பதில்லை. பயணத்தில் நேர்ந்த சேதம், கவனம் தப்பினால், அவருடைய உடலின் சேதமாகப் பதிவாகும். "வெப்பம்" என்ற ஒரே சொல் காற்றையும் உடலையும் வளர்ப்பு ஊடகத்தையும் ஒருங்கே சுட்டுவதால், கட்டுரை எழுதும்போதும் இவ்வேறுபாடு எளிதில் நழுவிவிடுகிறது.

வெயிலின் கொடுமைக்குக் குரோமோசோம் முறிந்ததென்ற சான்று எதற்கு? உள்வெப்பம் 40ஐத் தாண்டும் வெப்பத்தாக்கு உயிரையே பறிக்கும். அதற்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. இருந்தும் ஆய்வு நடத்தத்தான் வேண்டுமென்றால், இரத்தம் எடுத்த நேரத்தையும் வண்டிக்குள் இருந்த வெப்பநிலையையும் குறித்துவைக்க வேண்டும். அதே மக்களிடம் குளிர்காலத்திலும் எடுத்து ஒப்பிட வேண்டும். மதராசி கேம்ப்பில் அவ்வொப்பீட்டுக்கு இனி வழியில்லை. அங்கிருந்த ஏறத்தாழ 370 வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தொலைவிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. ஏனையோருக்கு அதுவும் இல்லை.