லயத்துக்கு எட்டாத நேரலை

2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. ஏப்ரலிலேயே, 50 விழுக்காடு ஆட்களை வைத்துத் தேயிலைத் தோட்டங்கள் இயங்கலாம் என்று ஒன்றிய அரசு அனுமதித்தது. தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டிடங்களும் மக்களுக்குத் திறக்க செப்டம்பர் 1 வரை ஆனது. நீலகிரித் தோட்டத் தொழிலாளிக்கு இதன் பொருள் எளிமையானது: காலையில் பெரட்டுக்கு வரிசையில் நிற்கலாம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நிற்கக் கூடாது. கூடைக்கு நோய் பரவாது, பாட்டுப் புத்தகத்துக்குப் பரவும்.

கோயில்களை மூடியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மூடத்தான் வேண்டியிருந்தது. மூடிய மாதங்களில் சபை யாரைத் தேடிப் போனது, யாரைத் தேடவே இல்லை என்பதுதான் என் கேள்வி. அந்த மாதங்களில் பழகிக்கொண்ட ஏற்பாடு இன்றும் தொடர்வதால் இது பழைய கதையும் அல்ல.

"சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் கோயில் கணக்கு எதற்கு?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். பெரியாரைப் படித்து வளர்ந்த நண்பர்கள் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். என் பதில் இதுதான். எஸ்டேட்டில் ஒரு தலித் பெண் தொழிலாளிக்கு நிர்வாகத்தின் கூட்டம் உண்டு, தொழிற்சங்கத்தின் கூட்டம் உண்டு. இரண்டிலும் பேசுவது ஆண்கள். அவள் எழுந்து நின்று வாய் திறந்து பேச, மற்றவர்கள் கேட்க, ஒரே ஒரு கூட்டம்தான் இருக்கிறது. அது லயத்தில் நடக்கும் ஜெபக்கூட்டம். அது இருக்குமா, கலையுமா என்பது கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

என் தாத்தா பாட்டி கண்டிச் சீமையிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. அந்தக் கணக்கில் இரண்டு தலை அவர்கள். எங்கள் குடும்பம் இருப்பது குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில். இந்த மலையில் பலர் 'லைன்' என்பார்கள், எங்கள் வீட்டில் இன்றும் 'லயம்'தான். தோட்டத் தொழிலாளர்களின் சமய வாழ்க்கையைத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். ஆகவே சொந்தக் கதையும் களக்குறிப்பும் இங்கே கலந்தே வரும்.

எங்கள் குருசேகரத்தில் டவுனில் ஒரு பெரிய கோயில், எஸ்டேட்டுகளில் சில கிளைச்சபைகள். எந்தச் சபை என்று பெயர் சொல்லப் போவதில்லை. மலையில் இது ஒரே ஒரு சபையின் கதையும் அல்ல. ஊரடங்கு வந்ததும் டவுன் கோயிலில் கேமரா வாங்கினார்கள், யூடியூபில் நேரலை தொடங்கியது. ஏப்ரல் 12 ஈஸ்டர் ஆராதனை அதில்தான் நடந்தது. மார்ச் 27 அன்று மழை பெய்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் நின்று ஜெபித்ததை உலகமே திரையில் பார்த்திருந்தது. நம் ஐயரும் அப்படித் திரையில் வந்தது பலருக்குப் பெருமைதான். (சாதியைத் துறந்ததாகச் சொல்லும் சீர்திருத்தச் சபைகளில் போதகரை இன்றும் 'ஐயர்' என்றுதான் கூப்பிடுகிறோம். அந்த ஐயர் பறையராகவே இருந்தாலும் ஐயர்தான்! இதைத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும்.)

எங்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள மேட்டில். மூடுபனி இறங்கினாலோ மின்சாரம் போனாலோ அதுவும் போய்விடும். வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் அதிகம். அதுவும் கணவர் கையிலோ, ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளை கையிலோ இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டா. ஞாயிறு காலை ஒன்றரை மணி நேர ஆராதனையைப் பார்த்துவிட்டால் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் அனுப்ப மிச்சமிருக்காது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பெரும்பாலும் வைத்திருந்தது பட்டன் போன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்தபடி முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பட்டன் போனை வைத்தே பெண்கள் ஒரு சபையைக் கட்டினார்கள். கான்ஃபரன்ஸ் கால். ஒரு அழைப்பில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால் மூன்று சங்கிலியாகப் பிரித்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு அக்கா முதல் சங்கிலிக்கு வேதபாடம் வாசிப்பார். அதைக் கேட்டவர்களில் ஒருவர் அடுத்த சங்கிலிக்குத் தன் சொற்களில் சொல்வார். மூன்றாவது சங்கிலிக்குப் போகும்போது மார்த்தாள் கொழுந்து பறிக்கப் போயிருப்பாள், மரியாள் கங்காணியம்மா ஆகியிருப்பாள். பாட்டு மட்டும் ஒத்துவரவே வராது. ஒருவர் சரணத்தில் இருக்கும்போது இன்னொருவர் பல்லவியில் இருப்பார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜெபத்துக்குப் பிறகுதான் முக்கியமான செய்திகள்: யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை கொடுக்கவில்லை, எந்த வீட்டில் அரிசி தீர்ந்தது. வழக்கமாகக் கோயிலுக்குப் போகும் பிடியரிசி அந்த மாதங்களில் கோயிலுக்குப் போகவில்லை. ஓய்வு பெற்று, வருமானமில்லாமல் இருந்த இரண்டு வீடுகளுக்கு நேராகப் போனது. தீர்மானம் போட்டு யாரும் செய்யவில்லை, கணக்கும் எழுதவில்லை.

இது திடீரென்று முளைத்த திறமையல்ல. தோட்டச் சபை பிறந்ததிலிருந்தே தொலைவிலிருந்துதான் வழிபட்டு வந்திருக்கிறது. 1854இல் இலங்கையில், கண்டிப் பகுதித் தோட்டத் துரைமார்கள் முன்கை எடுத்து ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். குருவானவர் வருவது எப்போதோ ஒரு நாள். மற்ற நாளெல்லாம் சபையை நடத்தியது லயத்து மக்கள். என் பாட்டியும் அங்கிருந்து கொண்டுவந்தது அந்தப் பழக்கத்தைத்தான். இங்கேயும் ஐயர் மாதத்துக்கு ஒரு முறை திருவிருந்து கொடுக்க வருவார். ஆகவே தொலைவு எங்களுக்குப் புதிதல்ல. தொலைவிலிருந்தும் பேசுகிறவர்களாக இருந்தவர்களை, பார்க்க மட்டும் செய்கிறவர்களாக நேரலை மாற்றியதுதான் புதிது.

நான் பார்த்த நேரலைகளில் வேதபாடம் வாசித்தவர்கள், பாடியவர்கள், விண்ணப்ப ஜெபம் செய்தவர்கள் எல்லோரும் டவுன் சபையின் கமிட்டிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கிளைச்சபையிலிருந்து ஒருவர்கூட இல்லை. குரலைப் பதிவு செய்து அனுப்புகிறோம் என்று எங்கள் சபைப் பெண்கள் சொன்னபோது, "சத்தம் தெளிவா இருக்காதும்மா" என்று பதில் வந்தது. காணிக்கைக்கான க்யூஆர் கோடு மட்டும் கிளைச்சபைகளின் வாட்ஸாப் குழுவுக்குத் தெளிவாக வந்து சேர்ந்தது.

இதைத் தொழில்நுட்ப இடைவெளி என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. தமிழ்நாட்டுத் திருச்சபையில் இடைவெளி என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க மறுத்த, தனி வரிசை கேட்ட வேளாளக் கிறிஸ்தவர்களோடு மல்லுக்கட்டித்தான் 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை எதிர்த்து நின்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே சுவர் இருக்கிறது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதற்கு நடந்த வன்முறையும், துப்பாக்கிச்சூட்டில் விழுந்த இரண்டு உயிர்களும் நினைவிருக்கும். இப்படிப்பட்ட சபைகளிடம் போய் 2020இல் அரசு 'சமூக இடைவெளி' கடைப்பிடிக்கச் சொன்னது. அவர்கள் அதை ஏற்கெனவே கடைப்பிடித்து வந்தார்கள்!

திருவிருந்திலும் அதுவே நடந்தது. கத்தோலிக்கர் திரையைப் பார்த்து மனத்தால் நற்கருணை வாங்குவதைக் கற்றுக்கொடுத்தார்கள். சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் அவரவர் வீட்டில் அப்பமும் திராட்சைச் சாறும் வைத்துக்கொள்ளலாமா என்று விவாதம் நடந்தது. இறையியலாகப் பெரிய விவாதம்தான். லயத்தில் நடந்த விவாதம் வேறு: திராட்சைச் சாற்றுக்கு எங்கே போவது? கட்டன் டீயும் வர்க்கியும் வைக்கலாமா என்று ஒரு அக்கா கேட்டார், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை அண்ணன், அதாவது ஜே. தியாப்பிலஸ் அப்பாவு, உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கேள்வியை ஒரு பாட்டாக்கியிருப்பார். 2005இல் போய்விட்டார். 'ஒரு உலை' என்பது அவர் சொன்ன இறையியல். தனித்தனியாக உலை வைக்காமல் சேர்ந்து பொங்கி, சேர்ந்து உண்பதில் சாதி உடையும் என்றவர். வீட்டுக்கு வீடு தனிப் பாத்திரம் என்பது நோய்க்காலத்தில் தவிர்க்க முடியாதது. நோய் போன பிறகும் அதுவே வசதியாக இருக்கிறது என்று ஒரு சபை உணருமானால், அந்த வசதி எதிலிருந்து வருகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். டவுன்காரர்கள் இதை யோசித்திருக்கவே மாட்டார்கள். 2021இல் ஒருமுறை நேரலைக்காரர்கள் எங்கள் கிளைச்சபைக்கே கேமராவோடு வந்தார்கள். பாதிப் பேர் உள்ளே வரவில்லை. ஐயருக்கு வருத்தம், "விசுவாசம் குறைஞ்சிடுச்சு" என்றார். விசுவாசம் அப்படியேதான் இருந்தது. பயந்தது சாதிச் சான்றிதழுக்காக. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதியை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கட்டு தளர்ந்தது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் தளரவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். பிள்ளையின் படிப்பு, உதவித்தொகை, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் ஒரு காகிதத்தில் தொங்கும்போது, முகம் தெரியும் காணொளி இணையத்தில் நிரந்தரமாகக் கிடப்பது சாதாரண விஷயமா? 2024 நவம்பர் 26 அன்று செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர் என்பதையும் சான்றாக எடைபோட்டு, புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றும் சொன்னது. கோயிலுக்குள் சாதி பார்க்கும், சட்டத்தின் முன் 'உனக்குச் சாதியில்லை' என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவே நிற்பவளிடம் 'லைக் பண்ணுங்க, பேரோட கமெண்ட் போடுங்க' என்றால் அவள் என்ன செய்வாள்? பட்டன் போன் கான்ஃபரன்ஸில் முகம் இல்லை, பதிவு இல்லை.

அலைபேசியையே வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். லயங்கள் காலியாகி வருகின்றன. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தொடங்கப்பட்ட டான்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர 2022இல் அரசாணை வந்தது. தனியார் எஸ்டேட்டுகளிலும் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறார்கள். எங்கள் கான்ஃபரன்ஸ் சங்கிலிகளில் ஒன்று இப்போது முழுக்கத் திருப்பூர்ச் சங்கிலி. பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதரைக்குச் சேர்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அந்த அழைப்புதான் கோயில். அந்தத் தொடர்பு நல்லது, வேண்டும்.

ஆனால் டவுன் கமிட்டி இன்று என்ன சொல்கிறது? டீசல் விலை, ரோடு மோசம், ஆள் குறைவு, "நேரலைதான் இருக்கே". மாதத்துக்கு ஒரு முறை வந்த ஐயர் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். மே மாதக் கோடைக் கூட்டத்தில் எங்கள் சபைப் பெண்கள் நான்கு கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது என் கை, சொன்னது அவர்கள். ஐயர் மாதம் ஒரு முறை வர வேண்டும். சேகரக் கமிட்டியில் கிளைச்சபைகளுக்கு இடம், அதில் பாதி பெண்களுக்கு. சம்மதமில்லாமல் எங்கள் முகத்தைப் படம் பிடிக்கக் கூடாது. ஞாயிறு நேரலையில் எங்கள் குரலில் ஒரு வேதபாடம், சத்தம் தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மூன்றாவதை உடனே ஏற்றுக்கொண்டார்கள், அதற்குச் செலவில்லை. மற்ற மூன்றும் அடுத்த கமிட்டிக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கமிட்டி கூடும் நாளில் தோட்டத்தில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போவதென்று பதினோரு பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பேருந்துக் கட்டணத்துக்குத் திருப்பூர்ச் சங்கிலி பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறது.