வரலாறு என்றால் ராஜா கதை மட்டுமா?

படிக்க வேண்டிய புத்தகம் எது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் நாவல், சமையல், ஆன்மிகம் இவற்றைத்தான் சொல்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் நம் பாட்டி, கொள்ளுப்பாட்டி காலத்தில் நிஜமாக நடந்ததைச் சொல்லும் நூல்களை ஏன் தொடுவதே இல்லை? வரலாறு என்றால் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிற வருடக்கணக்கு, இல்லாவிட்டால் ஆம்பளைங்க டீக்கடையில் பேசுகிற அரசியல் என்று ஒதுக்கி விடுகிறோம். பத்தாம் வகுப்போடு நின்ற என்னைப் போன்றவர்களும் தடங்கல் இல்லாமல் படிக்கக்கூடிய நூல்கள் தமிழில் நிறையவே இருக்கின்றன.

முதலில் நான் சொல்வது வெ. சாமிநாத சர்மா எழுதிய 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. ரங்கூனில் 'ஜோதி' என்ற பத்திரிகை நடத்தியவர் அவர். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் 1942-ல் காடு, மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பினார்கள். வழியிலேயே காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். சர்மாவும் அவர் மனைவி மங்களம் அம்மாளும் அப்படி நடந்து வந்தவர்கள்தான். படிக்கப் படிக்க நம் மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். உடனே வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பு என்றால் எதை எடுப்போம், எதை விடுவோம்? இடுப்பில் பிள்ளையோடு எத்தனை படி அரிசி சுமக்க முடியும்?

எங்கள் ராமநாதபுரம் சீமையிலிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் ஏராளம். 'அதெல்லாம் பர்மாவுலேருந்து நடந்தே வந்த சனம்' என்று என் வீட்டுக்காரரின் அப்பத்தா சொல்வார்கள். அவ்வளவுதான் சொல்வார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை பிணம், எத்தனை அழுகை இருந்தது என்று எனக்குச் சொன்னது இந்தப் புத்தகம்தான். ஒரு ஆதங்கம் மட்டும் உண்டு. நாம் படிப்பது கணவர் எழுதியது. அதே வழியை மங்களம் அம்மாள் எழுதியிருந்தால் இன்னும் எத்தனை தெரிந்திருக்கும்!

பெண்களே சொன்ன வரலாறு வேண்டுமென்றால் இரண்டு நூல்கள். ஒன்று, செல்லம்மா பாரதியின் 'பாரதியார் சரித்திரம்'. அம்மா சொல்லச் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதியது. மற்றது, யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்'. 1908-ல் வெள்ளைக்காரன் கைக்குத் தப்பி பாரதியார் புதுச்சேரி போனார். அங்கே அந்த வீட்டோடு சிறுமியாகப் பழகியவர் யதுகிரி. பாரதியார் குருவிகளுக்கு அரிசியை வாரி இறைத்த கதை எல்லாருக்கும் தெரியும். அடுத்த வேளை உலையில் போட அரிசிக்கு என்ன வழி என்று தவித்தவர் யார்? மேடையில் அதை யாரும் பேசுவதில்லை. சுதந்திரப் போராட்டம் அடுப்படியிலும்தான் நடந்தது என்பேன் நான்.

அடுத்தது எங்கள் கடற்கரைக்கே நெருக்கமான சங்கதி. மண்டபம் முகாம் என்றால் 1983-க்குப் பிறகு வந்த இலங்கை அகதிகள்தான் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்கு வெகுகாலம் முன்பே, தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலி சனங்களை நோய்ப் பயத்தில் நிறுத்திவைத்து, பரிசோதித்துக் கப்பலேற்றிய இடம் அது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளுக்கு 1948-ல் இலங்கை அரசு குடியுரிமை இல்லை என்றது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண் கொடுத்த வீடு அங்கே, பிறந்த வீடு இங்கே என்று ஆனவர்கள் எத்தனை பேரோ! மலையகத்துக்காரரான சி.வி. வேலுப்பிள்ளை எழுதிய 'நாடற்றவர் கதை' கிடைத்தால் விடாதீர்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் படிக்க முடியும், மனசு கனத்துப் போகும்.

வயசுக்கு வந்த பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைத் தமிழில் வாங்கிக் கொடுங்கள். சர்மா தம்பதி காட்டில் நடந்த அதே 1942-ல், ஹிட்லருக்குப் பயந்து ஒளிந்திருந்த 13 வயசுப் பெண் எழுதியது. அவள் அம்மாவோடு போடும் சண்டையைப் படித்து நம் பெண்கள் சிரிப்பார்கள். பிறகு அவள் கதி தெரிந்து அழுவார்கள்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இப்போது குடும்பத்து வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு 'மறைக்கப்பட்ட வரலாறு' வருகிறது. எழுதியவர் பேர் கிடையாது, வருடம் கிடையாது. பிள்ளைகள் அதைத்தான் நம்புகின்றன. அம்மா ஒரு உருப்படியான நூலையாவது படித்திருந்தால், 'இது யார் சொன்னது, எந்த வருஷம்?' என்றாவது திருப்பிக் கேட்கலாமே.

சர்மாவின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. அதனால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. மற்றவை உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகாமல் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து போனால் கொஞ்சம் மதிப்பு இருக்கும்.

- ஓர் இல்லத்தரசி, சாயல்குடி.