வரிசையில் நிற்கும் புத்தகங்கள்

போன வாரம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கவே வேண்டாம்!

வருடத்துக்கு நான் படிப்பது சுமாராக 18 புத்தகம். வயது 59. கண்ணும் கழுத்தும் இன்னும் 20 வருடம் ஒத்துழைத்தால் 360 புத்தகம். அவ்வளவுதான். அலமாரியில் படிக்காமல் நிற்பவை 83. போனில் ‘படிக்கணும்’ என்று குறித்து வைத்திருப்பவை 140. இது போதாதென்று ஒவ்வொரு ஜனவரியும் சென்னைப் புத்தகக் காட்சியில் இரண்டு பை நிறைய. 18 படிக்கிறவள் 20 வாங்கிக்கொண்டே போனால் வரிசை எப்படிக் குறையும்?

“வாங்குறதை நிறுத்து” என்றார் வீட்டுக்காரர். அது நடக்கிற காரியமா? அதற்குப் பதிலாக, பட்டியலில் இருந்து சிலவற்றை அடிக்க உட்கார்ந்தேன். ஒரே ஒரு நிபந்தனை. ‘இதை ஏன் படிக்க ஆசை?’ என்று கேட்டால் ஒரு வாக்கியத்தில் பதில் வர வேண்டும். ‘எல்லாரும் சொல்றாங்க’ என்பது பதில் இல்லை.

மளமளவென்று நாற்பதுக்கு மேல் போயிற்று. ஐந்தே நாளில் வாழ்க்கையை மாற்றுகிற புத்தகங்கள் முதலில் போயின. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 26 நாவல்களையும் பெருமூச்சோடு அடித்தேன். குறை சொல்லவில்லை. என் வேகத்துக்கு அது ஒன்றரை வருடம், அதுவும் வேறு எதையும் தொடாமல். மகாபாரதத்தை நம்மிடம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேறு யாருமே சொல்லாததைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் முன்னால் வரட்டும்.

அப்படி முன்னால் வந்தவர் ராஜம் கிருஷ்ணன். அம்மாவுக்குப் பிடித்த எழுத்தாளர். பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருப்பார் அம்மா. (உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். முக்கால்வாசிக்குக் கடைசி அத்தியாயம் இருக்காது. யாரோ இரவல் வாங்கிய இதழோடு அது போயிருக்கும்.) ராஜம் கிருஷ்ணன் மேஜையில் உட்கார்ந்து கற்பனை செய்தவர் இல்லை. எந்த மக்களைப் பற்றி எழுத வேண்டுமோ அந்த ஊருக்கே போய், அவர்களோடு பேசிப் பழகி எழுதினார். நீலகிரி படகர்களைப் பற்றி ‘குறிஞ்சித் தேன்’, சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி ‘கூட்டுக் குஞ்சுகள்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’. என் பட்டியலில் இருப்பது இந்த மூன்றாவது. காரணம் சின்னது. 35 வருடமாகச் சமைக்கிறேன். அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற மற்ற எல்லாம் எங்கே விளைகிறது என்று சொல்வேன். உப்பு பாத்தியில் வெயிலில் நிற்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதனால் இணையத்தில் தேடினால் பல நாவல்கள் இலவசமாகவே கிடைக்கும். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அது எங்கள் வயதுக்காரர்களுக்குப் பெரிய வரம்.

அடுத்தது, கு.அழகிரிசாமி தன் நண்பர் கி.ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள். இருவரும் கோவில்பட்டி பக்கம் இடைசெவல் என்ற ஒரே கிராமத்துப் பிள்ளைகள். ஒருவர் பிழைப்புக்காகச் சென்னை, மலேயா என்று போனார். இன்னொருவர் ஊரிலேயே இருந்து விவசாயம் பார்த்தார். அழகிரிசாமி 1970-ல், 47 வயது நிறைவதற்கு முன்பே இறந்துபோனார். கி.ரா. 2021 வரை இருந்தார். இடையில் 50 வருடம்! அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் நமக்குப் புத்தகமாகக் கிடைத்தது. என் சிநேகிதிகளோடு நான் பேசியதெல்லாம் வாட்ஸ்அப்பில். போன் மாற்றியதும் போயே போச்சு. நண்பர்கள் ஒருவருக்கொருவர் என்னதான் எழுதிக்கொண்டார்கள் என்று எட்டிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ப.சிங்காரம் விஷயம் வேறு. அவர் எழுதியது இரண்டே நாவல். ‘புயலிலே ஒரு தோணி’ படித்துவிட்டேன். ‘கடலுக்கு அப்பால்’ பாக்கி. வாங்கி ஆறு வருடம் ஆகிறது, மெல்லிய புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் அதையும் படித்துவிட்டால் சிங்காரம் தீர்ந்துபோவாரே! கல்யாண வீட்டு இலையில் கடைசி வாய்க்கு ஒதுக்கி வைக்கிற பால்கோவா மாதிரி அது அப்படியே இருக்கட்டும்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு 12 தொகுதி. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்தவர், 1736-லிருந்து 25 வருடம் எழுதியது. என் கணக்குப்படி முதலில் அடித்திருக்க வேண்டியது இதைத்தான். கை வரவில்லை. நாட்குறிப்பை ஒரே மூச்சில் படிக்க வேண்டுமென்று சட்டமா என்ன? தினம் ஒரு பக்கம், காபியோடு.

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ பள்ளிக்கூடத்தில் பாடமாக வந்த அளவுதான் தெரியும். சுவடி தேடி அலைந்த கதைக்காக மட்டும் அதைப் படிக்க நினைக்கவில்லை. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் அதைத் தொடராக எழுத ஆரம்பித்தபோது அவருக்கு 85 ஆகப் போகிறது. 122 அத்தியாயம் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானார், சரித்திரமும் பாதியில் நின்றுவிட்டது. முடிக்க முடியுமா என்று அவர் கணக்குப் பார்த்திருப்பாரா? 59 வயதில் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைவிடச் சூடு யார் வைக்க முடியும்!

கடைசியாக ஒன்று. உண்மையில் வரிசையில் ரொம்ப நாளாக நிற்பது இதுதான். வெ.சாமிநாத சர்மாவின் ‘பர்மா வழிநடைப் பயணம்’.

ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர் அவர். 1941 டிசம்பரில் ஜப்பான் அங்கே குண்டு போட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையுமாக நடந்தே ஊர் திரும்பக் கிளம்பினார்கள். ஆயிரமாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். சர்மாவும் அவர் மனைவியும் நடந்து வந்து சேர்ந்தார்கள். தாத்தாவின் தம்பி வந்து சேரவில்லை.

ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். ஊருக்கு அவர் அனுப்பிய கடைசி மணியார்டரைப் பற்றி மட்டும் வீட்டில் பேசுவார்கள். மற்றது எதுவும் பேச மாட்டார்கள். அதனாலேயே அந்தப் புத்தகத்தை வாங்கினேன், அதனாலேயே பிரிக்காமல் வைத்திருந்தேன்.

பட்டியலை அடித்துத் திருத்திய அன்று சாயங்காலம் காரைக்குடியில் இருக்கும் அத்தையிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அத்தைக்கு 88. சித்தப்பா தன்னைத் தோளில் தூக்கிவைத்துத் தேர் காட்டியது ஞாபகம் இருக்கிறது என்பார். எங்கள் குடும்பத்தில் அவரைப் பார்த்தவர் என்று மிச்சம் இருப்பது அத்தை மட்டும்தான். இப்போது கண் தெரிவதில்லை.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: “ஏத்தா, எந்த வழியா நடந்தாகன்னு அதுல போட்டிருக்கா?”

என் 20 வருடக் கணக்கு அத்தைக்குச் செல்லாது. புத்தகத்தை எடுத்து அன்றைக்கே பிரித்தேன். தினமும் ஆறு மணிக்கு போனை ஸ்பீக்கரில் போட்டுப் படித்துக் காட்டுகிறேன். நாலு வரிக்கு ஒரு தரம் அத்தை நிறுத்தச் சொல்கிறார், எதையாவது நினைத்துக்கொண்டு சொல்கிறார், அப்புறம் “ம், படி” என்கிறார். ஒரு வாரமாகிறது. இன்னும் பத்துப் பக்கம் முடியவில்லை.