அப்பாயிக்கு வெள்ளையடிக்காதீங்க!

மக்களே, ஒரு புலம்பல்.

எங்க அப்பாயி ஐம்பது வருஷம் நாத்து நட்டவங்க. வெயில்ல கறுத்த முகம். போன மாசம் படத்திறப்பு. வாக்காளர் அட்டைப் போட்டோவை ஸ்டுடியோவுல குடுத்து "கொஞ்சம் கலரா ஆக்குங்க"ன்னு சொன்னதே எங்க அத்தைதான். சுருக்கமெல்லாம் போய், பட்டுப்புடவை ஏறி, ரோஸ் முகத்தோட யாரோ வந்து நின்னாங்க. "யாருப்பா இது?"ன்னு கேட்டாங்க, அப்பாயி கூடவே நட்ட பாட்டி.

போட்டோஷாப் மேல பழி போடாதீங்க. அது வந்தது 1990-ல். அதுக்கு முன்னாடியே நெகட்டிவ்ல பென்சில் வச்சு டச்சப் பண்ணினவங்க நாம. பூஞ்சை அரிச்ச படத்தைச் சரி பண்றது நல்ல வேலை. கறுப்பையும் பூஞ்சை மாதிரி துடைக்கிறதுதான் அசிங்கம்.

ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல் பேர்லேருந்து 'ஃபேர்'ஐ எடுத்துடுச்சு. நாம?

அடுத்த தடவை ஸ்டுடியோவுல, "கிழிசலை ஒட்டுங்க, நிறத்தைத் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு வாங்க.